எந்தச் சீன வாத்தியம் உங்களுக்கு? கூஜெங் முதல் ஹூலூசி வரை ஓர் ஒப்பீடு

பிரான்சின் போர்தோ நகரத் தெருக்களில் பழைய சீன உடையில் அமர்ந்து கூஜெங் என்ற நீளமான தந்தி வாத்தியத்தை வாசிக்கும் பெங் ஜிங்ஷுவானின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "இதை நானும் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. 2020இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் வரும் லியுவே என்ற சீனச் சாயலுள்ள பகுதியின் இசை வழியாக அர்ஹூவுக்கும் பீபாவுக்கும் வந்து சேர்ந்த இளைஞர்கள் இன்னொரு பெரிய கூட்டம். அதற்கு முந்தைய தலைமுறை வேறு வழியாக வந்தது. டான் டுன் இசையமைத்த ஒரு வாள்சண்டைப் படத்தின் இசைக்கு 2001இல் ஆஸ்கர் கிடைத்தது. செல்லோ கலைஞர் யோ-யோ மா தொடங்கிய சில்க் ரோடு குழுவில் வூ மான் பீபா வாசித்தார். அந்தக் குழு 2017இல் கிராமி வாங்கியது.

கேட்டு மயங்குவது எளிது. ஆனால் கூஜெங், அர்ஹூ, பீபா, கூச்சின் என்ற நான்கு தந்தி வாத்தியங்கள், டீஸி, ஹூலூசி என்ற இரண்டு ஊதுகுழல்கள் என்று ஆறு பெயர்களை எதிரே வைத்தால் எதை எடுப்பது என்பதில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பிள்ளை இணைப்பாட நடவடிக்கைக்குச் சீன இசைக்குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், எந்த வாத்தியம் கேட்கச் சொல்லலாம் என்று ஒரு அம்மா கேட்கிறார். பத்து வருடம் கர்நாடக வயலின் படித்தவர் அர்ஹூ சுலபமாக வருமா என்கிறார். சென்னை அடுக்குமாடியில் இருப்பவருக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. இவர்கள் மூவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

என் எண்ணம் இதுதான்: காணொளியில் கேட்ட ஒலியை வைத்து வாத்தியம் எடுக்காதீர்கள். ஆறும் நல்ல ஒலிதான். வாசிக்க உட்காருவதற்கு முன்னால் தினமும் செய்யவேண்டிய வேலை எது, அது உங்கள் குணத்துக்கும் வீட்டுக்கும் பொருந்துமா என்பதை முதலில் பாருங்கள். வாங்கிய வாத்தியம் மூலையில் தூசி படிவதற்கு முக்கியக் காரணம் திறமைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த முன்வேலையின் சலிப்புதான்.

## எதை வைத்து எடைபோடலாம்

முதல் அளவுகோல் மேலே சொன்ன முன்வேலை: சுருதி சேர்ப்பது, நகம் கட்டுவது, சவ்வு ஒட்டுவது. இரண்டாவது, காதுக்கு இனிமையாக ஒரு பாட்டு வர எவ்வளவு காலம் ஆகும் என்பது. மூன்றாவது வீடு. இடம் இருக்கிறதா, அக்கம்பக்கம் பொறுக்குமா, ஈரப்பதம் எப்படி? நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவுகளும் சட்டச் சிக்கல்களும். ஐந்தாவது, தனியாக வாசிக்க ஆசையா, குழுவோடா?

தமிழ் வாசகர்களுக்கு ஆறாவதாக ஒன்று உண்டு: ஏற்கெனவே கையில் இருக்கும் இசையறிவு. இது நினைப்பதைவிடப் பெரிய மூலதனம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீன வாத்தியங்களுக்கான பாடங்கள் பெரும்பாலும் ஜியான்பு என்ற எண் குறிப்பில் எழுதப்படுகின்றன. 1 முதல் 7 வரை எண்கள். 1 என்பது ஆதார ஷட்ஜம் மாதிரி, எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். எண்ணுக்கு மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. நம் ஸ்வரக் குறிப்பில் வேகத்தைக் காட்ட எழுத்துக்கு மேல் கோடு போடுவோம். அங்கே எண்ணுக்குக் கீழே போடுகிறார்கள். சரளி வரிசை புத்தகம் பார்த்துப் பாடியவருக்கு ஜியான்பு ஒரு வாரத்தில் பழகிவிடும். மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறிப்பு மட்டும் தெரிந்தவர்களைவிட இந்த விஷயத்தில் நாம் முன்னால் நிற்கிறோம்.

## கூஜெங்

உலகம் முழுவதும் இப்போது அதிகம் பரவும் சீன வாத்தியம் இதுதான் என்றால் மிகையாகாது. இன்றைய வழக்கமான கூஜெங் 21 தந்திகளுடன், ஏறக்குறைய 163 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். மேல்பலகை பாலோனியா மரம். ஹெனான் மாநிலத்தின் லான்காவ் வட்டாரம் இந்த மரத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே மணல் புயலைத் தடுக்க 1960களில் நட்ட மரங்கள் பிறகு வாத்தியத் தொழிலுக்கே ஆதாரமாயின. யாங்ஜோ நகரம் கூஜெங் தயாரிப்பின் பெரிய மையம். ஷாங்காயின் டன்ஹுவாங் முத்திரை வெளிநாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது.

முதல் இனிமை: ஆறிலும் மிகவும் கருணையான தந்தி வாத்தியம் இது. தந்தியை மீட்டினாலே ஒலி அழகாக இருக்கிறது. தப்பான ஸ்வரத்தில் விழ வாய்ப்பும் குறைவு. காரணம் அதன் சுருதியமைப்பு. வழக்கமாக டி சுருதியில் 1, 2, 3, 5, 6 என்ற ஐந்து ஸ்வரங்கள்தான் நான்கு ஸ்தாயிகளுக்கும் திரும்பத் திரும்ப வரும். அதாவது ச ரி க ப த. நமக்கு அது மோகனம். கையை வைத்தவுடன் மோகனம் கேட்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். தந்திகளைத் தாங்கும் குதிரைகளை அசைக்காமலே, 2ஐ ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மத்யமாவதி. 3ஐ வைத்தால் ஹிந்தோளம். 5இலிருந்து சுத்த சாவேரி, 6இலிருந்து சுத்த தன்யாசி. ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதம் என்று பாடத்தில் படித்தது இங்கே விரலுக்கடியில் கிடக்கிறது. கர்நாடக சங்கீதம் படித்த ஒருவர் கூஜெங் எடுத்தால் முதல் மாதமே சொந்தமாக ஏதாவது வாசித்துப் பார்க்கலாம். சீன மாணவர்கள் அதே மாதம் விரல் பயிற்சியில்தான் இருப்பார்கள்.

கமகம் உண்டா? உண்டு. குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை இடது கையால் அழுத்தினால் ஸ்வரம் மேலே ஏறும். 4ம் 7ம் அப்படித்தான் பிறக்கின்றன: 3ஐ அழுத்தி 4, 6ஐ அழுத்தி 7. ஏற்றலாமே தவிர, அழுத்தாத தந்தியின் ஸ்வரத்துக்குக் கீழே இறக்க முடியாது. தோடியோ பைரவியோ வாசிக்க ஆசைப்பட்டால் இது சரியான வாத்தியம் அல்ல.

முன்வேலை: 21 தந்திகளுக்கும் சுருதி பார்க்கவேண்டும். புதிய தந்திகள் முதல் சில மாதம் இறங்கிக்கொண்டே இருக்கும். ட்யூனரும் சாவியும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் போகும். அப்புறம் வலது கையின் நான்கு விரல்களில் செயற்கை நகங்களை டேப்பால் சுற்றிக் கட்டவேண்டும். பாடம் முன்னேறினால் இடது கையிலும். முடித்ததும் கழற்றவேண்டும். பத்து நிமிடம் கிடைத்தால் உட்கார்ந்து வாசிக்கலாம் என்று நினைப்பவருக்கு இது ஒத்துவராது. உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் என்றிருப்பவருக்கு இந்த ஆயத்தமே ஒரு நிதானத்தைத் தரும்.

மறைமுகச் செலவு: ஸ்டாண்டு, உறை, டேப், நகங்கள், அறுந்த தந்திக்கு மாற்று. அதைவிடப் பெரியது போக்குவரத்து. பல விமான நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 158 சென்டிமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கின்றன. கூஜெங்கின் நீளம் மட்டுமே அதைத் தாண்டுகிறது. சீனாவிலிருந்து நேரே வரவழைத்தால் சில சமயம் வாத்திய விலைக்கு நெருக்கமாகவே அனுப்பும் செலவு வரும். குட்டி கூஜெங்குகள் உண்டு. அவற்றில் கீழ் ஸ்தாயியின் ஆழம் இருக்காது, பயணத்துக்கும் பழக்கத்துக்கும் போதும்.

யாருக்கு: வயது வந்தபின் முதல் வாத்தியமாகக் கற்பவர், ஆசிரியர் அருகில் இல்லாதவர், வீட்டில் ஒரு சுவரோரம் நிரந்தரமாக ஒதுக்க முடிந்தவர். ஒலி மிதமானது, பகலில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

## அர்ஹூ

இரண்டே தந்தி. டி, ஏ என்று ஐந்தாம் ஸ்வர இடைவெளியில், அதாவது ஷட்ஜ-பஞ்சமமாகச் சேர்த்திருப்பார்கள். வில்லின் முடி அந்த இரண்டு தந்திகளுக்கும் நடுவில் மாட்டியே இருக்கும். தனியே எடுக்க முடியாது. உட்பக்கம் அழுத்தினால் ஒரு தந்தி, வெளிப்பக்கம் தள்ளினால் மற்றது. விரல்பலகை கிடையாது. விரல் தந்தியை மட்டும் தொடுகிறது, கீழே காற்றுதான்.

தெருவில் வாசித்துப் பிழைத்த பார்வையற்ற கலைஞர் ஆபிங்கின் வாசிப்பை 1950இல், அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, இசை ஆய்வாளர் யாங் யின்லியூ ஒலிப்பதிவு செய்தார். இன்று அர்ஹூ கற்கும் ஒவ்வொருவரும் அந்தப் பதிவுக்கு வந்து சேர்கிறார்கள். தெருவிலும் நாடகக் கொட்டகையிலும் இருந்த வாத்தியத்தை மேடைத் தனி வாத்தியமாக உயர்த்தியவர் லியூ தியன்ஹுவா. 1932இல், முப்பத்தேழு வயதில் இறந்துபோனார். நாற்பது வயதைத் தொடாத ஒரு மனிதர் எழுதிய பயிற்சிகளும் தனிப்பாடல்களும் இன்றும் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

முதல் இனிமை: ஆறிலும் மிகத் தாமதமாக வருவது இதில்தான். முதல் சில மாதம் கீச்சொலி. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வில்லும் சுருதியும் ஒரே நேரத்தில் சரியாக வரவேண்டும். இரண்டையும் காதைத் தவிர வேறு எதுவும் சொல்லித்தராது. நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் முதல் ஆறு மாதமாவது வேண்டும். காணொளி பார்த்து மட்டும் கற்றால் மணிக்கட்டு தப்பாகப் படிந்துவிடும், பிறகு மாற்றுவது கொடுமை.

கர்நாடக வயலின்காரர்களுக்கு இங்கே பெரிய சலுகை உண்டு. ஜாரு என்ற சறுக்கலும் கம்பிதம் என்ற அசைவும் விரலில் ஏற்கெனவே இருக்கின்றன, காது பழகியிருக்கிறது. ஆனால் வில் பிடிப்பு முற்றிலும் வேறு: உள்ளங்கை மேல் நோக்கி, விரல்களால் வில்முடியின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். தரையில் சம்மணமிட்டு வாசிக்கும் வழக்கத்தையும் விட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இடது தொடை மேல் வைத்துக்கொள்ளவேண்டும்.

முன்வேலை: மிகக் குறைவு. இரண்டு தந்தி, வில்முடியில் தடவக் கொஞ்சம் ரோசின், அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் தோல் மேல் நிற்கும் சின்னக் குதிரையின் பாரத்தைக் குறைக்கத் தந்திக்கடியில் ஒரு சிறு கட்டையைச் செருகி வைப்பார்கள்.

மறைமுகச் சிக்கல்: அதிகம் எச்சரிக்கவேண்டிய இடம் இது. மரபான அர்ஹூவின் முகத்தில் இருப்பது மலைப்பாம்புத் தோல். மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே சைட்டிஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. நாட்டு எல்லை தாண்டினால் அனுமதிப் பத்திரம் கேட்கலாம், இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். இந்திய மலைப்பாம்பு நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், தோல் எந்த இனத்துடையது என்ற கேள்வி இங்கே கடுமையாகவே எழும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்திரமில்லாமல் இந்தியாவுக்கு வரவழைக்காதீர்கள்.

மாற்று இருக்கிறது. ஹாங்காங் சீன இசைக்குழு பிஇடி என்ற செயற்கைச் சவ்வு பொருத்திய 'சூழல்' ஹூச்சின் (அர்ஹூ குடும்ப) வாத்தியங்களை உருவாக்கி, முழுக் குழுவாகவே மேடையில் பயன்படுத்துகிறது. செயற்கைச் சவ்வு அர்ஹூக்கள் இப்போது வேறு தயாரிப்பாளர்களிடமும் கிடைக்கின்றன. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி ஈரக் காற்றுள்ள ஊர்களில் பாம்புத் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகும். செயற்கைச் சவ்வுக்கு அந்தத் தொல்லை குறைவு. பழைய ரசிகர்கள் தோலின் கனிவு வராது என்பார்கள். ஓரளவு உண்மைதான். கற்கும் நிலையில் அது தடையாகாது.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உயர்விலை அர்ஹூக்களில் 'சிற்றிலை ஸிதான்' என்று விளம்பரம் செய்யும் மரம் நம் செம்மரம். சேஷாசலம் மலைப்பகுதியில் வளர்வது. 1995 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்துக்கான சீனத் தேவை முக்கியமாக அறைக்கலனுக்குத்தான், ஆனால் வாத்தியமும் அதில் பங்கு. 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் ஆந்திரப் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்க முடியாது. கற்பவருக்கு அந்த மரம் எந்த விதத்திலும் தேவையில்லை. கருங்காலி வகையிலோ மற்ற கடினமரங்களிலோ செய்தது போதும். மூல மரத்தின் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு: குழுவில் வாசிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு முதல் தேர்வு. சீன இசைக்குழுவில் வயலின் வரிசையின் இடத்தில் இருப்பது அர்ஹூ. அதிக இடங்கள் அதில்தான். பள்ளியில் வாத்தியம் பெரும்பாலும் இரவலாகவே கிடைக்கும். கையில் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகலாம். இரவு பத்து மணிக்குப் பயிற்சி செய்பவருக்கு மட்டும் வேண்டாம்.

## பீபா

நான்கு தந்தி, வீணையில் போல விரல் வைக்கும் மெட்டுகள் சுமார் 30, பேரிக்காய் வடிவ உடல், மடியில் நிமிர்த்தி வைத்து வாசிப்பது. மத்திய ஆசியா வழியாகச் சீனாவுக்கு வந்து, அங்கிருந்து ஜப்பானில் பீவா ஆனது. டன்ஹுவாங் குகை ஓவியங்களில் முதுகுக்குப் பின்னால் பிடித்து வாசிக்கும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள்.

வீணைக்காரர்களுக்கு இது ஆர்வமூட்டும். மெட்டின் மேல் தந்தியை ஓரமாக இழுத்து ஸ்வரத்தை ஏற்றும் முறை இரண்டிலும் உண்டு. இடது கை விரைவில் வசப்படும். வலது கைதான் வேறு உலகம்: ஐந்து விரல்களிலும் நகம் கட்டி, விரல்களை உள்ளே இழுக்காமல் வெளியே சுண்டவேண்டும். ஐந்து விரலும் அடுத்தடுத்துச் சுழன்று ஒரே ஸ்வரத்தை நீட்டும் லுன்ஜி என்ற உத்தி சமமாக விழ வருடங்கள் ஆகும். அது இல்லாமல் மெதுவான பாட்டு எதையும் அழகாக வாசிக்க முடியாது. ஆகவே முதல் இனிமை தாமதம், முன்வேலை கூஜெங்குக்கு அடுத்தபடி அதிகம்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? ஆறிலும் மிக விரிந்த உணர்ச்சி வீச்சு. போர்க்களத்தின் ஆரவாரமும் தனிமையும் ஒரே வாத்தியத்தில் வரும். 1990இல் அமெரிக்கா போன வூ மான், குரோனோஸ் குவார்ட்டெட் போன்ற மேற்கத்தியக் குழுக்களோடு சேர்ந்து வாசித்து இதை உலக மேடைக்குக் கொண்டுவந்தார். கற்றுத் தேர்ந்தால் எந்தக் குழுவிலும் இடமுண்டு. ஏழெட்டு வயதில் தொடங்குபவருக்கும், கிதாரோ வீணையோ பல வருடம் வாசித்துக் கை உறுதியானவருக்கும் பரிந்துரைப்பேன். நாற்பதில் முதல் வாத்தியமாக எடுப்பவர் கூஜெங்கைப் பார்ப்பது நல்லது.

## கூச்சின்

பெயர் கூஜெங் மாதிரி ஒலிப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இது ஏழு தந்தி, ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், நகரும் குதிரைகள் இல்லை, மெட்டும் இல்லை. இடங்களைக் காட்ட 13 புள்ளிகள் மட்டும் பதித்திருக்கும். யுனெஸ்கோ 2003இல் கூச்சின் கலையை மானுடத்தின் தலைசிறந்த வாய்மொழி மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலத்தின் தங்க இசைத்தட்டில் குவான் பிங்ஹு கூச்சினில் வாசித்த 'ஓடும் நீர்' ஏழரை நிமிடத்துக்கு மேல் ஒலிக்கிறது. அதே தட்டில்தான் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது.

ஒலி மிகச் சன்னம். பக்கத்து அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. சித்திரவீணை கேட்டுப் பழகியவர்கள் இதன் ஜாருவை உடனே அடையாளம் காண்பார்கள்: ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தேயத் தேய இடது விரல் தந்தியின் மேல் சறுக்கிக்கொண்டே போகும். கடைசியில் ஸ்வரம் அடங்கி விரல் உரசும் ஒலி மட்டும் மிஞ்சும். இது எல்லோருக்கும் பிடிக்காது. பிடித்தவர்கள் பிறகு வேறு எதையும் தேடுவதில்லை.

முன்வேலை: நகம் வேண்டாம், சொந்த நகம் சற்று வளர்த்தால் போதும். ஏழு தந்திக்குச் சுருதி. ஆனால் தந்தி அறுந்தால் மாற்றிக் கட்டுவதற்குப் பலமும் பழக்கமும் வேண்டும். முதல்முறை தனியாகச் செய்யாதீர்கள்.

மறைமுகச் சிக்கல்கள்: ஜியான்பு மட்டும் போதாது. கூச்சினுக்கென்று தனிக் குறிப்புமுறை இருக்கிறது. எந்தத் தந்தி, எந்தப் புள்ளி, எந்த விரல், எப்படி மீட்டுவது என்று எல்லாம் சொல்லும். எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லாது. தாளத்தை ஆசிரியரிடமிருந்தோ பழைய பதிவுகளிலிருந்தோதான் எடுக்கவேண்டும். குருவிடம் கேட்டுப் பழகிய நமக்கு அது புதிதில்லை.

அப்புறம் மெருகு. நல்ல கூச்சின்களுக்கு மானின் கொம்புத்தூள் கலந்த இயற்கை அரக்கு பல அடுக்குகளாகப் பூசி மாதக்கணக்கில் காயவைப்பார்கள். அந்த அரக்கு மரம் சேங்கொட்டை, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டை பட்டால் உடம்பில் தடிப்பவர்கள், புதிதாகப் பூசிய கூச்சினிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நன்றாகக் காய்ந்து முதிர்ந்ததை வாங்குங்கள். 'பழமையான கூச்சின்' என்று விற்பதைத் தெரிந்தவர் துணையில்லாமல் தொடவேண்டாம். போலிகள் மிகுந்த சந்தை அது.

யாருக்கு: இரவில் மட்டுமே நேரம் கிடைக்கும் அடுக்குமாடிவாசிக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை. கூட்டமாக வாசிக்க நினைத்தால் எடுக்காதீர்கள். ஒலி சிறியது என்பதால் சீன இசைக்குழுவில் இதற்கு வழக்கமான இடமே கிடையாது.

## டீஸி

மூங்கில் புல்லாங்குழல். ஊதும் துளைக்கும் ஆறு விரல் துளைகளுக்கும் இடையில் இன்னொரு துளை. அதன் மேல் நாணல் தண்டின் உட்சவ்வை ஒட்டுவார்கள். அந்தச் சவ்வின் அதிர்வுதான் டீஸியின் மினுக்கும் ஒலி. அதுதான் அதன் தலைவலியும். இறுக்கம் அதிகமானால் குழல் மந்தமாகும், தளர்ந்தால் கிழிசல் சத்தம். காற்றின் ஈரம் மாறினால் மறுபடி ஒட்டவேண்டும். சுத்த சைவர்கள் கவனிக்க: மரபான பசையான அஜியாவ் கழுதைத் தோலிலிருந்து எடுப்பது. சாதாரணப் பசைக்குச்சியும் பூண்டுச்சாறும்கூட வேலை செய்யும்.

நம் புல்லாங்குழல் வாசிப்பவருக்கு உதடு ஏற்கெனவே தயார். சவ்வுத் துளையின் மேல் டேப் ஒட்டிவிட்டால் அது கிட்டத்தட்டச் சாதாரணக் குழல்தான். அப்படியே தொடங்கி, ஒரு மாதம் கழித்துச் சவ்வுக்கு வரலாம் என்பது என் யோசனை. விலையும் குறைவு, சில நூறு யுவானுக்குள் நல்ல மாணவர் குழல் கிடைக்கும். ஆனால் சுருதிக்கு ஒரு குழல். குழுவில் சேர்ந்தால் நான்கைந்தாவது தேவைப்படும். வறண்ட குளிர்நாட்டில் மூங்கில் வெடிக்கும். வடக்கத்திய பாங்டீ ரகம் காதைத் துளைக்கும் உயரொலி. வீட்டில் பழகத் தெற்கத்திய சூடீ ரகத்தை எடுங்கள்.

## ஹூலூசி

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் வாழும் 'தாய்' (Dai) என்ற இனத்தாருடைய வாத்தியம். சுரைக்காய்க் குடுவையில் மூன்று குழல்கள், உள்ளே பித்தளை நாக்கு. உதட்டு வித்தை எதுவும் வேண்டாம், ஊதினால் ஒலிக்கும். சில வாரங்களில் ஒரு முழுப்பாட்டு வந்துவிடும். ஸ்தாயி ஒன்றுக்குச் சற்று மேல்தான் எல்லை என்பதால், ஓரிரு வருடத்தில் வாத்தியத்தின் கூரையைத் தொட்டுவிடுவீர்கள். வேலை முடிந்து வந்து மனசுக்கு இதமாக எதையாவது வாசிக்கவேண்டும் என்பவருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும், பெரியவர்களுக்கும் நல்லது. சுரைக்குடுவையைக் கீழே போட்டுவிடக்கூடாது, அவ்வளவே பராமரிப்பு.

## ஒரே பார்வையில்

| | முன்வேலை | முதல் இனிமை | வீட்டில் ஒலி | தொடக்க விலை | எல்லை தாண்ட | குழுவில் இடம் |
|---|---|---|---|---|---|---|
| கூஜெங் | மிக அதிகம் | விரைவு | மிதம் | சில ஆயிரம் யுவான் | நீளம் பெரும் சிக்கல் | உண்டு, குறைவு |
| அர்ஹூ | மிகக் குறைவு | மிகத் தாமதம் | துளைக்கும் | நடுத்தரம் | தோலுக்குப் பத்திரம் | மிக அதிகம் |
| பீபா | அதிகம் | தாமதம் | மிதம் | நடுத்தரம் முதல் | சமாளிக்கலாம் | உண்டு |
| கூச்சின் | குறைவு | நடுத்தரம் | மிகச் சன்னம் | சில ஆயிரம் யுவான் | சமாளிக்கலாம் | இல்லை |
| டீஸி | சவ்வு | நடுத்தரம் | உரத்தது | சில நூறு யுவான் | எளிது | உண்டு |
| ஹூலூசி | இல்லை | மிக விரைவு | மிதம் | சில நூறு யுவான் | எளிது | அரிது |

குச்சியால் தட்டி வாசிக்கும் யாங்சின், வாயால் ஊதும் ஷெங், வட்ட உடல்கொண்ட தந்தி வாத்தியமான ருவான் மூன்றையும் சேர்க்கவில்லை. யாங்சினில் நூற்றுக்கும் மேற்பட்ட தந்திகளுக்குச் சுருதி சேர்க்கவேண்டும். வீட்டில் தனியாகத் தொடங்க ஏற்றதல்ல. ஷெங் நம் ஆர்மோனியம் மாதிரியே உலோக நாக்கில் ஒலிப்பது, கேட்க அருமை, பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. பள்ளியில் ஆசிரியர் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பராமரிப்பு பள்ளியின் பொறுப்பு, போட்டியும் குறைவு.

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கூஜெங்குக்கு இது ரொம்ப முக்கியம். வாடகைக்கு எடுத்த முதல் வாரத்திலேயே, பாடம் எதுவும் இல்லாமல், தினமும் சுருதி மட்டும் சேர்த்து நகம் கட்டிக் கழற்றிப் பாருங்கள். டீஸி என்றால் சவ்வை நாலைந்து முறை பிய்த்து ஒட்டிப் பாருங்கள். அர்ஹூ என்றால் ஒரே தந்தியில் நீண்ட வில் மட்டும் போட்டு, வீட்டில் உள்ளவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இந்தியாவில் இருந்தால் வாடகைக்கு வழி அரிது. முதலில் ஒரு டீஸியோ ஹூலூசியோ வாங்கி, ஜியான்பு படிக்கப் பழகுங்கள். அந்தப் படிப்பு எந்த வாத்தியத்துக்குப் போனாலும் கூடவே வரும். ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால், இணைய வழி ஆசிரியர் ஒருவரை முதலில் பிடித்துவிட்டு, அவர் வழியாகவே பெரிய வாத்தியத்தை வாங்குங்கள். தயாரிப்பாளரிடம் பேசி மாணவர் தரத்தில் சோதித்து அனுப்பச் சொல்ல அவரால் முடியும். கடைப்படம் பார்த்து நாம் வாங்குவதைவிட அது பலமடங்கு பாதுகாப்பு. கூஜெங் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே காணொளி எடுக்கத் தொடங்குங்கள். மேல்பலகையில் விரிசல் இருந்தால் அனுப்பியவரிடம் காட்ட அந்த ஒரு சான்றுதான் கையில் இருக்கும்.